வயிற்றில் பை வைத்த பிறகு: ஒரு தையல்காரி சொல்வது

உப்புவெளியில் வீட்டிலேயே தைக்கிறேன். சத்திரசிகிச்சையில் என் சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து (அதைத்தான் குடல்வாய் என்பார்கள்), அதன்மேல் பை ஒட்டி அனுப்பினார்கள். உங்களுக்கும் அப்படியென்றால், நான் தடுமாறிப் பழகியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒட்டுத்தட்டில், அதாவது பையைத் தோலில் ஒட்டும் தட்டில், குடல்வாய்க்கு ஓட்டை வெட்டுவது. பாதித் தொல்லை அதில்தான். சட்டைக்குக் கூடுதல் துணி விட்டு வெட்டிய கை, ஒட்டுத்தட்டையும் அப்படியே தாராளமாக வெட்டிவிட்டது. சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமான நீர் இருக்கும். தோலில் பட்டால் அரிக்கும். மூன்று நாள் எரிச்சலில் தூங்கவில்லை. குடல்வாயைச் சுற்றி 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். இறுக்கியும் வெட்டாதீர்கள். குடல்வாய்க்கு வலி தெரியாது, விளிம்பு அறுத்தாலும் உங்களுக்கு உறைக்காது. வீக்கம் வற்ற 6 முதல் 8 கிழமை ஆகும். அதுவரை கிழமைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். நான் பழைய கலண்டர் மட்டையில் அச்சு வெட்டி வைத்து, நகம் வெட்டும் வளைந்த கத்தரியால் வெட்டுகிறேன்.

பை மாற்ற நல்ல நேரம் விடியற்காலை, தேத்தண்ணி குடிக்க முன்னம். அப்போது குடல் அடங்கியிருக்கும். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். எண்ணெய், பவுடர் பூசினால் ஒட்டாது. துடைக்கும்போது ஒரு சொட்டு இரத்தம் வந்தால் பயப்படாதீர்கள். ஒட்டியதும் உள்ளங்கையை மேலே வைத்து ஓரிரு நிமிடம் அழுத்துங்கள், அந்தச் சூட்டில் பசை பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலிசெய்யுங்கள். பாரம் கூடினால் இழுத்துக் கழன்றுவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்கு நாலு நாள் நிற்கிற பை இரண்டு நாளில் கழன்றது. வியர்வைதான் காரணம். பழைய பருத்திச் சேலையில் பைக்கு ஓர் உறை தைத்தேன்: மூன்று பக்கம் மூடி, மேலே குடல்வாய்க்கு வட்டம் விட்டு, கீழே திறந்தபடி. பிளாஸ்டிக் தோலில் ஒட்டாமல் இருக்கவே அரிப்பும் போய்விட்டது. உள்பாவாடை நாடா குடல்வாயின் மேல் விழக்கூடாது. நாடாவை எடுத்துவிட்டு அகலமான மெல்லிய இலாஸ்டிக் போட்டேன்.

சாப்பாடு: இடியப்பம், சோறு, வாழைப்பழம் எனக்கு ஒத்துப்போகின்றன. தேங்காய்ப்பூ, சோளம், காளான், பனங்கிழங்கு மாதிரி நார்ச்சாமான்கள் முதல் ஆறு கிழமைக்கு வேண்டாம், அடைத்துவிடும். அப்புறமும் கொஞ்சமாக, நன்றாக மென்று தின்னுங்கள். தண்ணியாகப் போனால் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். உப்பு இன்னும் இறங்கிவிடும். இளநீரிலும் உப்பு குறைவு. ஜீவனியை (வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கரைத்துக் குடியுங்கள்.

குடல்வாய் கறுத்தால், அல்லது பல மணித்தியாலமாக ஒன்றும் வராமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடல்? காயம் ஆறி டொக்டர் சரியென்ற பிறகு நிலாவெளியில் இறங்கினேன். பையைக் காலிசெய்துவிட்டு இறங்குங்கள். புதிதாக ஒட்டியிருந்தால் ஒரு மணித்தியாலமாவது போகட்டும்.