நக்கிள்ஸ் மலைப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் டயர் காற்றைக் கவனியுங்கள்

வெள்ளவத்தையில் பெற்றோல் ஷெட்டில் கல்லு மாதிரி காற்றடித்துக்கொண்டு அப்படியே மாத்தளைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம் அதுதான். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் வரை தார் ரோட்டு, பிரச்சினை தெரியாது. அப்புறம் உள்ளே பிரியும் கிரவல் பாதையில் கால் வைத்தவுடன் சில்லு கல்லுக்குக் கல் துள்ளும், கை மரத்துவிடும். 40 மில்லிமீற்றர் டயர், 70 கிலோ ஆள் என்றால் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் தாராளம், பின்சில்லுக்கு இரண்டு கூட. ரியூப் போட்டவர்கள் இதற்குக் கீழே போக வேண்டாம், கல்லில் ரிம் இடித்து ரியூப்பில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் அடிக்க ஒரு கைப்பம்ப் கட்டாயம் வேண்டும், மேலே கடை கிடையாது.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள், சூடேறினால் பிடிக்காது.

அட்டை கடிக்காமலிருக்க? காலுறையில் ஈரச் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். மழை பெய்தால் கரைந்துவிடும், அதனால் ஒரு சவர்க்காரத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.