வெள்ளைப்படுதலும் மாதவிடாயும்: மூன்று மாதம் குறித்துப் பாருங்கள்

வெள்ளைப்பட்டால் "உடம்புச் சூடு", "எலும்பு உருகுது" என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்கிறார்கள். எலும்பு எதுவும் உருகுவதில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தினமும் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயல்பு. பெண்ணுறுப்பு தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழியே அதுதான். உங்களுக்கு எது இயல்பு என்று தெரிய, கைப்பேசியிலோ நோட்டிலோ மூன்று மாதம் குறித்து வாருங்கள்.

1. முதல் நாளைக் குறியுங்கள்

இரத்தப்போக்கு தொடங்கும் நாளே முதல் நாள். அங்கிருந்து அடுத்த மாதவிடாய் தொடங்கும்வரை ஒரு சுழற்சி. பெரியவர்களுக்கு 21 முதல் 35 நாள். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் 45 நாள்கூட ஆகலாம். தேர்வு நேர மன அழுத்தம், சட்டென்று எடை குறைவது, கடும் பயிற்சி எல்லாமே தேதியைத் தள்ளிப்போடும்.

2. வெள்ளைப்படுவதன் தன்மையை எழுதுங்கள்

இதில்தான் பலருக்குக் குழப்பம். மாதவிடாய் முடிந்ததும் சில நாள் வறண்டிருக்கும். அப்புறம் வெள்ளையாக, லேசாக ஒட்டும். சினைமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் தெளிவாக, விரலில் இழுத்தால் நீளும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் வரும் மாற்றம் இது, பயப்பட வேண்டாம். பிறகு கெட்டியாகி, குறையும். உள்ளாடையில் காய்ந்து இளமஞ்சளாகத் தெரிவதும் சரிதான். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த வரிசை மாறும். இந்தக் குறிப்பை மட்டும் நம்பிக் கருத்தரிப்பைத் தவிர்க்க முயலாதீர்கள்.

3. மாறினால் கவனியுங்கள்

தயிர்க்கட்டி போல் வந்து கடுமையாக அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து மீன்வாடை அடித்தால் பாக்டீரியாச் சமநிலை குலைந்திருக்கலாம். பச்சை, நுரைத்த மஞ்சள் என்றால் பால்வினைத் தொற்றா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தோழிக்குப் பலன் தந்த க்ரீம் உங்களுக்குப் பலன் தராமல் போகலாம்.

4. உள்ளே கழுவாதீர்கள்

வெளியே மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அங்கே அமிலத்தன்மையைக் காக்கின்றன. வாசனைத் திரவங்கள் அதைக் கெடுக்கும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்த விளையாட்டு உடையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

5. மருத்துவரைப் பார்ப்பது

ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, 7 நாளுக்கு மேல் போவது, மூன்று மாதம் வராமலிருப்பது, இடையில் இரத்தம் படுவது: இவற்றில் எது இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால், நாள் தள்ளிப்போனதுமே சோதித்துப் பாருங்கள். அடிவயிற்று வலியோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். தேவைப்பட்டால் அவர்களே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உடலுறவு கொண்டதில்லை என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள் பரிசோதனை எதற்கு என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. குறித்து வைத்த மூன்று மாதத் தேதிகளையும் அவரிடம் காட்டுங்கள்.