சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் முதன்முறையாகச் சாப்பிடுவது எப்படி?

சிங்கப்பூருக்கு முதன்முறையாகச் செல்லும் பலர், விடுதியின் காலை உணவையும் பேரங்காடிகளுக்குள் இருக்கும் உணவகங்களையும் மட்டுமே நம்பி நான்கு நாட்களைக் கழித்துவிட்டு, அந்த ஊரில் எல்லாமே விலை அதிகம் என்ற எண்ணத்தோடு திரும்புகிறார்கள். அங்குள்ள மக்கள் அன்றாடம் உண்ணும் இடம் வேறு. பேச்சு வழக்கில் ஹாக்கர் சென்டர் என்றும் சிங்கப்பூர்த் தமிழில் உணவங்காடி நிலையம் என்றும் சொல்லப்படும் அத்தகைய இடங்கள் தீவெங்கும் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. தெருவோரங்களில் தள்ளுவண்டியிலும் கூடையிலும் உணவு விற்றுவந்தவர்களை, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றும் பணியை அரசு 1971 முதல் 1986 வரை படிப்படியாக நிறைவேற்றியதன் விளைவே இவை. இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே வரவேற்பவரும் இல்லை, மேசைக்கு வந்து கேட்பவரும் இல்லை. ஆனால் எல்லோரும் அறிந்த ஓர் ஒழுங்குமுறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் எந்த நிலையத்திலும் தயக்கமின்றிச் சாப்பிடலாம்.

படி 1: இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதல் அனுபவத்திற்கு நான் பரிந்துரைப்பது தேக்கா நிலையம். லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தை ஒட்டியே அது இருப்பதாலும், பல கடைகளில் தமிழிலேயே பேசலாம் என்பதாலும், உணவு, சந்தை, துணிக்கடை மூன்றும் ஒரே கட்டடத்தில் அடங்கியிருப்பதாலும் புதியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. சைனாடவுனில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் சீன உணவு வகைகளுக்குப் பேர்பெற்றது. நிதி வட்டாரத்தின் நடுவே நிற்கும் லாவ் பா சாட், ஹொக்கியன் மொழியில் ‘பழைய சந்தை’ என்று பொருள்படும் எண்கோண வார்ப்பிரும்புக் கட்டடம். வேலைநாட்களில் மாலை 7 மணிக்குமேல் அதன் பக்கத்துத் தெருவில் போக்குவரத்தை நிறுத்தி, சாத்தே எனப்படும் இறைச்சிக் குச்சிகளைக் கரியடுப்பில் சுட்டு விற்பார்கள்.

நண்பகல் 12 முதல் 2 மணி வரை அலுவலகங்களிலிருந்து வருவோரின் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால், காலை 9 மணியளவிலோ பிற்பகல் 3 மணிக்குமேலோ செல்வது நல்லது. கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு விடுமுறை நாளை வைத்திருப்பார்கள். பலருக்கு அது திங்கட்கிழமை. இது தவிர, துப்புரவுப் பணிக்காக நிலையம் முழுவதையும் அவ்வப்போது மூடுவதும் வழக்கம். அந்த நாட்களைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, கிளம்புவதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: வாங்குவதற்குமுன் ஒரு முழுச் சுற்று நடங்கள்

நுழைந்ததும் கண்ணில் படும் முதல் கடையில் வாங்கிவிடுவதே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஒரு கடை பெரும்பாலும் ஓரிரு உணவுகளை மட்டுமே, ஆனால் ஆண்டுக்கணக்கான பழக்கத்தோடு சமைக்கும் என்பதால், எந்தக் கடை எதற்குப் பெயர்பெற்றது என்பதை வரிசையின் நீளத்தையும் அந்த வரிசையில் நிற்பவர்களையும் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். பயணிகள் மட்டுமே நிற்கும் நீண்ட வரிசையைவிட, அக்கம்பக்கத்து முதியவர்கள் நிற்கும் நடுத்தர வரிசையையே நான் நம்புவேன்.

சுற்றும்போது பலகைகளைப் படியுங்கள். விலை பெரும்பாலும் வெளிப்படையாக எழுதியிருக்கும்; பெரும்பாலான தட்டுகள் ஏறத்தாழ 4 முதல் 8 வெள்ளிக்குள் கிடைத்துவிடும். சிங்கப்பூர்த் தமிழில் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள். ஹலால் உணவு தேடுவோர், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கும் சான்றிதழ் கடையில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

படி 3: இருக்கையைப் பிடியுங்கள்

கூட்ட நேரத்தில் முதலில் இடம், பிறகு உணவு. காலியான மேசையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ வைக்கப்பட்டிருந்தால், அந்த இடத்தை ஒருவர் பிடித்துவைத்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். சட்டத்தில் இல்லாத இந்த வழக்கத்தை எல்லோரும் மதிக்கிறார்கள். அந்தப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். நீங்களும் அதேபோல் வைக்கலாம், ஆனால் கடவுச்சீட்டோ கைப்பேசியோ வேண்டாம். தனியாக வந்திருந்தால், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் “இங்கே உட்காரலாமா?” என்று கேட்டு அமர்வது இயல்பான ஒன்று. மேசையில் எண் இருந்தால் நினைவில் வையுங்கள். உணவைக் கொண்டுவந்து தரும் கடைகள் அந்த எண்ணைக் கேட்கும்.

படி 4: உணவைக் கேட்டு வாங்குங்கள்

கடைக்காரர் எந்த இனத்தவராக இருந்தாலும், வயதில் மூத்தவரை அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் அழைப்பது அந்த ஊர் மரியாதை. முதலில் வரும் கேள்வி, இங்கே சாப்பிடுகிறீர்களா, கட்டிக்கொடுக்க வேண்டுமா என்பதாகவே இருக்கும். கட்டி எடுத்துச் செல்வதைச் சீனக் கடைகளில் ‘தாபாவ்’ என்றும் மலாய்க் கடைகளில் ‘புங்குஸ்’ என்றும் சொல்வார்கள்.

பெயர்களைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். கேரட் கேக் என்று எழுதியிருப்பதில் கேரட்டும் இல்லை, இனிப்பும் இல்லை: அரிசி மாவையும் வெள்ளை முள்ளங்கியையும் சேர்த்து அவித்த கட்டியைத் துண்டாக்கி, முட்டையோடு வறுத்துத் தருவார்கள், இனிப்பான சோயா சாறு சேர்த்தால் கறுப்பு, சேர்க்காவிட்டால் வெள்ளை. கலப்புச் சோற்றுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் பதார்த்தங்களை விரலால் காட்டினால் போதும். அங்கே எடுக்கும் வகைகளைப் பொறுத்தே விலை என்பதாலும், மீனும் இறாலும் விலையைச் சட்டென உயர்த்திவிடும் என்பதாலும், தட்டில் வைப்பதற்குமுன் கேட்டுவிடுங்கள்.

சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் இந்தப் படியில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். கோழிச்சோற்றுக் கடையில் கோழியை விலக்கிவிட்டுச் சோற்றை மட்டும் கேட்டாலும் பயனில்லை, ஏனெனில் அந்தச் சோறே கோழிச் சாற்றிலும் கொழுப்பிலும் வேகவைத்தது. லக்சா எனப்படும் நூடுல்ஸ் உணவின் குழம்பிலும், சம்பல் எனப்படும் மிளகாய்த் துவையலில் பெரும்பாலானவற்றிலும் உலர்ந்த இறால் கலந்திருக்கும். ரொட்டி பரோட்டாவுக்கு மீன் அல்லது ஆட்டுக்கறிக் குழம்பையே ஊற்றித் தரும் கடைகள் உண்டு. பருப்புக் குழம்பு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரொட்டியில் தடவித் தரும் காயா, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்தது என்றாலும் அதில் முட்டையும் உண்டு. இறைச்சி இல்லாத உணவு என்று கேட்பதைவிட, இறைச்சி, மீன், இறால், முட்டை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்பதே பாதுகாப்பு. பௌத்த சைவக் கடைகளைப் பல நிலையங்களில் காணலாம். அங்கே இறைச்சித் துண்டு போலத் தோன்றுபவை சோயாவிலும் காளானிலும் செய்தவை.

படி 5: குடிக்க வாங்குங்கள்

பானங்களுக்குத் தனிக் கடை உண்டு. அங்கே கேட்பதற்கென்று ஒரு சொற்றொகுதி இருக்கிறது. மலாய், ஹொக்கியன், கன்டோனீஸ் சொற்கள் கலந்து உருவான அதை ஒருமுறை கற்றுக்கொண்டால் வரிசையில் நிற்கும் அனைவரும் என்ன கேட்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

வெறுமனே ‘கோப்பி’ என்றால், இனிப்பூட்டிய கெட்டிப்பால் ஊற்றிய காப்பி வரும். ‘கோப்பி ஓ’ என்பது பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் சேர்த்தது. ‘கோப்பி சி’ என்பது இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும் சேர்த்தது. இவற்றின் பின்னே ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இருக்காது, ‘சியூ டாய்’ சேர்த்தால் இனிப்பு குறையும், ‘காவ்’ என்றால் திடம் கூடும், ‘போ’ என்றால் இலேசாகும், ‘பெங்’ என்றால் பனிக்கட்டியோடு வரும். ஆகவே, பாலும் சர்க்கரையும் இல்லாத குளிர்ந்த காப்பி வேண்டுபவர் ‘கோப்பி ஓ கோசோங் பெங்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘கோப்பி’ இருக்கும் இடத்தில் ‘தே’ என்று மாற்றினால் தேநீர். இந்திய முஸ்லிம் கடைகளில் உயரத்திலிருந்து ஆற்றித் தரும் ‘தே தாரிக்’கும் இஞ்சி சேர்த்த ‘தே ஹாலியா’வும் என் விருப்பங்கள்.

காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் அல்லது மார்ஜரினும் சேர்த்து வறுத்து, நீண்ட துணி வடிகட்டியில் இறக்குவதால், அதன் நிறமும் சுவையும் நம் வடிகட்டிக் காப்பியிலிருந்து விலகியே நிற்கும். முதல் வாயில் கசப்பாகத் தோன்றினாலும் காயா ரொட்டியோடு குடித்துப் பாருங்கள். தண்ணீர் இலவசமாக வைக்கமாட்டார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்பதால் விடுதியிலிருந்தே ஒரு புட்டியில் எடுத்துவரலாம்.

படி 6: பணம் செலுத்துங்கள்

ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே, பெரும்பாலும் கையோடு கொடுக்க வேண்டும். மின்னிலக்க முறைகள் பரவியிருந்தாலும் அவற்றில் சில உள்ளூர் வங்கிக் கணக்கைச் சார்ந்தவை. ஆகவே 2, 5, 10 வெள்ளித் தாள்களை வைத்திருங்கள். சேவைக் கட்டணம் கிடையாது. அன்பளிப்பு கொடுக்கும் பழக்கமும் இல்லை.

படி 7: தட்டைத் திருப்பி வையுங்கள்

இது விருப்பத்தைப் பொறுத்தது அன்று. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டையும் குப்பையையும் மேசையிலேயே விட்டுச்செல்வது குற்றம். முதல்முறை எழுத்துவழி எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். தட்டு வைக்கும் அடுக்குகளில் ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி இடம் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கலந்துவிடுவது பக்கத்துக் கடைக்காரரின் சமய நெறியைப் புண்படுத்தும் என்பதால், எழுதியிருப்பதைப் படித்தபின் வையுங்கள்.

படி 8: அங்கிருந்தே சந்தைக்கும் காட்சிகளுக்கும் நடங்கள்

தேக்காவில் சாப்பிட்டவர்கள் அதே தளத்திலுள்ள, மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தையைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். நண்பகலுக்குள் மீன் கடைகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். வெளியே வந்து கெர்பாவ் சாலைக்குச் சென்றால், 1900-இல் கட்டப்பட்டு இன்று பல வண்ணங்களில் நிற்கும் தான் தெங் நியா வீட்டைக் காணலாம். கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், இந்த ஊருக்குக் கடல்கடந்து வந்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் இடம், திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்.

மேக்ஸ்வெல்லில் சாப்பிட்டவர்களுக்கு சவுத் பிரிட்ஜ் சாலை அருகிலேயே இருக்கிறது. 1827-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கடற்கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், புத்தர் பல் ஆலயமும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து வரும். தோளும் முழங்காலும் மூடிய உடையில் சென்றால் மூன்றிலும் தடையின்றி நுழையலாம்.

பெரிய கடைகளில் பொருள் வாங்குபவர்கள், சுற்றுப்பயணிகள் செலுத்திய பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறும் திட்டத்தை மறக்க வேண்டாம். 2024 முதல் இந்த வரி 9 விழுக்காடு. திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கி, அப்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, புறப்படும் நாளில் சாங்கி விமான நிலையத்தின் தானியங்கி இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொருள்களைச் சோதிக்கக் கேட்கக்கூடும் என்பதால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்குமுன் அந்த இயந்திரத்திற்குச் செல்லுங்கள்.