பெண்கள் சிறையில் காவலராகச் சேர்வது எப்படி? விண்ணப்பத்திலிருந்து முதல் பாரா வரை

சீருடைப் பணியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பெண்களில் பெரும்பாலோரின் மனத்தில் இருப்பது காவல் நிலையம்தான். அதே விண்ணப்பத்தில் சிறைத் துறையும் ஒரு விருப்பமாக இருக்கிறது என்பதைப் பலர் படிவத்தை நிரப்பும்போதுதான் கவனிக்கிறார்கள். தரவரிசையில் சற்றுப் பின்தங்கி, கிடைத்ததே போதும் என்று சிறைக்கு வந்து நல்ல காவலர்களாக ஆனவர்கள் உண்டு. உள்ளே என்ன வேலை என்று தெரியாமல் வந்து முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோனவர்களும் உண்டு. சிறைப் பணியையே முதல் விருப்பமாக எழுதலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த இடம், எந்தப் பதவி என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் சென்னை புழல், வேலூர், திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் பெண்கள் தனிச் சிறைகள் இருக்கின்றன. இவை தவிர, சில ஊர்களில் பெண்களுக்கான கிளைச் சிறைகளும் உண்டு. பெண் சிறைவாசிகளை ஆண்களிடமிருந்து பிரித்து, பார்க்கவோ பேசவோ முடியாதபடி தனிக் கட்டடத்திலோ தனிப் பகுதியிலோ வைக்க வேண்டும் என்று 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டமே சொல்கிறது. பெண் சிறைவாசிகளைப் பெண் பணியாளர்களே கவனிக்க வேண்டும், ஆண் பணியாளர் எவரும் பெண் பணியாளர் துணையின்றி அப்பகுதிக்குள் நுழையக் கூடாது என்று 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் கூறுகின்றன. ஆகவே பூட்டுவது, எண்ணுவது, சோதனையிடுவது, இரவு பாரா (முறைக்காவல்) நிற்பது ஆகிய எல்லாமே பெண்களின் பொறுப்பு.

உள்ளே செல்லும் நேரடி வழிகளில் பலர் தேர்ந்தெடுப்பவை இரண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து, தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வு வழியாக இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் ஆவது ஒன்று. பட்டப்படிப்பை முடித்து, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு வழியாக உதவிச் சிறை அலுவலர் ஆவது மற்றொன்று. முன்னதன் தொடக்க ஊதியம் 18,200 ரூபாய். பின்னதற்கு 35,400 ரூபாய். பட்டம் பெற்றவர்களும் முதலாவது வழியில் வருவது இன்று சாதாரணமாகிவிட்டது. இரண்டுக்கும் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் உதவிச் சிறை அலுவலர் பதிவேடுகளுக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பானவர் என்பதையும், சிறைவாசிகளோடு நாள் முழுவதும் நிற்பவர் காவலர்தான் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கம் காவலர் பதவியைப் பற்றியது.

ஒரு கசப்பான உண்மையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர். சிறைவாசிகள் குறைவு என்பதால் பெண் காவலர் இடங்களும் குறைவு. 2023ஆம் ஆண்டின் சீருடைப் பணியாளர் பொதுத் தேர்வு அறிவிக்கையில் மொத்தம் 3,359 இடங்கள் இருந்தன; அவற்றில் சிறைக் காவலர் இடங்கள் 86; அந்த 86இலும் பெண்களுக்கானவை மிகச் சிலவே. எனவே சிறைத் துறை கடைசியில் எப்படியும் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: தகுதியைச் சரிபார்த்து விண்ணப்பியுங்கள்

பத்தாம் வகுப்பில் தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வயது 18 நிறைவடைந்து 26க்கு மிகாமல் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு 28 வரையும், ஆதி திராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், திருநங்கையர் ஆகியோருக்கு 31 வரையும், ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வரையும் வரம்பு அண்மை அறிவிக்கைகளில் தளர்த்தப்பட்டிருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; அதற்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைசி வாரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். எண்களில் மாற்றம் வரக்கூடும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள். பயிற்சி மையத்தின் சுவரொட்டியை நம்பி வயதைக் கணக்கிடாதீர்கள்.

விருப்ப வரிசையைக் குறிப்பிடும் இடத்தில் தோழிகள் என்ன எழுதினார்கள் என்று பார்த்து எழுத வேண்டாம். ஒருமுறை எழுதியது உங்கள் முப்பது ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கலாம்.

மூன்றாம் படி: எழுத்துத் தேர்வு

தேர்வு இரண்டு பகுதிகள் கொண்டது. தமிழ்மொழித் தகுதித் தேர்வில் 80 வினாக்கள். 32 மதிப்பெண் எடுத்தால் போதும், அது தரவரிசையில் சேராது. ஆனால் அதில் தவறினால் அடுத்த பகுதியின் விடைத்தாள் திருத்தப்படாது. முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு: பொது அறிவில் 45 வினாக்கள், உளவியலில் 25 வினாக்கள். உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எண் திறன், தருக்கம், தகவலைக் கையாளுதல் போன்றவையே அதில் வருகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களை இரண்டு முறை முழுமையாகப் படித்தவர், தடிமனான வழிகாட்டி நூல்களை நாலைந்து வாங்கி அடுக்கியவரைவிட நன்றாகவே எழுதுகிறார். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல் திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்கு 6 என்று அண்மை ஆண்டுகளில் பிரிக்கப்பட்டுள்ளது.

நான்காம் படி: உடல் தகுதியும் உடல் திறனும்

கெட்டிக்காரப் பெண்கள் பலர் தோற்பது இங்கேதான். காரணம், எழுத்துத் தேர்வின் முடிவு வந்த பிறகு ஓடத் தொடங்குவது. முடிவுக்கும் உடல் தேர்வுக்கும் இடையிலுள்ள சில வாரங்களில் மூட்டு வலியைச் சம்பாதிக்கலாமே தவிர, கால் வலிமையைச் சம்பாதிக்க முடியாது.

உயரம் வெறுங்காலில் 159 சென்டிமீட்டர். ஆதி திராவிடர், பழங்குடியினர் பிரிவினருக்கு 157 சென்டிமீட்டர். இதில் பேரத்துக்கு இடமில்லை என்பதால், படிக்கத் தொடங்கும் முன்பே சுவரில் நின்று அளந்துவிடுங்கள். அடுத்தது 400 மீட்டர் ஓட்டம், 2 நிமிடம் 30 விநாடிக்குள். இது தகுதிக்கான ஓட்டம் மட்டுமே. மதிப்பெண் தருவது அதன் பிறகு வரும் மூன்று போட்டிகள். அந்த மதிப்பெண் நட்சத்திரக் கணக்கில் வருகிறது. நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 3.75 மீட்டருக்கு இரண்டு நட்சத்திரம். குண்டு எறிதல், கிரிக்கெட் பந்து எறிதல் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: நான்கு கிலோ குண்டுக்கு 4.25 மீட்டரும் 5.50 மீட்டரும், பந்துக்கு 17 மீட்டரும் 24 மீட்டரும் அளவுகள். ஓட்டத்தில் 100 மீட்டரை 17.50 விநாடியில் முடித்தால் ஒரு நட்சத்திரம், 15.50இல் முடித்தால் இரண்டு. 200 மீட்டர் என்றால் 38 விநாடியும் 33 விநாடியும். ஆண்களுக்கு உண்டான கயிறு ஏறுதல் பெண்களுக்குக் கிடையாது.

தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு என் யோசனை இது. முதல் மாதத்தில் நேரத்தைப் பார்க்காமல், நடையும் மெதுவோட்டமும் கலந்து நாள்தோறும் அரை மணி நேரம் செல்லுங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை நேரம் வைத்து ஓடுங்கள். முதல் 200 மீட்டரில் மூச்சைச் செலவழித்துவிட்டுக் கடைசி வளைவில் நின்றுவிடுவதுதான் பொதுவான தவறு. நீளம் தாண்டுதலில் தூரத்தைவிட முக்கியம் பலகையை மிதிக்கும் அடி; ஓடிவரும் அடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஒரே இடத்திலிருந்து புறப்படப் பழகுங்கள். தோள் வலிமை குறைந்தவர்கள் குண்டைத் தவிர்த்துப் பந்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம், ஆனால் பந்து எறியும் பழக்கம் சிறு வயதில் இல்லாதவர்களுக்கு 24 மீட்டர் எளிதன்று. இரண்டையும் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவமும் முன்நடத்தையும்

மருத்துவப் பரிசோதனையில் பார்வை, நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி தட்டுதல் போன்றவை பார்க்கப்படும். முன்நடத்தை விசாரணையில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயரில் எப்போதாவது வழக்கு இருந்திருந்தால், அது முடிந்துபோயிருந்தாலும், படிவத்தில் மறைக்காதீர்கள். அக்கம்பக்கத்துச் சண்டையில் குடும்பத்தோடு சேர்த்துப் பெயர் எழுதப்பட்ட பெண்கள் நம் ஊர்களில் குறைவில்லை. உண்மையைச் சொன்னவருக்கு வழி இருக்கக்கூடும். மறைத்தது தெரியவந்தால், மறைத்ததே வேலையைப் பறிக்கும்.

ஆறாம் படி: பயிற்சிக் காலத்தில் உண்மையாகக் கற்க வேண்டியவை

சிறைப் பணியாளர்களின் பயிற்சி என்றாலே நினைவுக்கு வரும் ஊர் வேலூர். தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்கான பயிற்சி நிறுவனம் அங்கே 1979 முதல் இயங்குகிறது. அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, சட்டம், முதலுதவி ஆகியவை பாடத்திட்டத்தில் இருக்கும். அணிவகுப்பு உடம்பில் தானாக ஏறிவிடும். விதிகளைத்தான் நீங்களே தேடிப் படிக்க வேண்டும். குறிப்பாக, உங்களுக்கு எந்த அதிகாரம் இல்லை என்பதை.

சிறைக் குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்காணிப்பாளருடையது. காவலருக்கு அது கிடையாது. நீங்கள் கண்டதை எழுதி மேலே அனுப்பலாம், அவ்வளவுதான். 2017 ஜூன் மாதம் மும்பை பைகுல்லா பெண்கள் சிறையில், காலை உணவுக்கான முட்டையும் ரொட்டியும் கணக்கில் குறைந்ததாக எழுந்த தகராறுக்குப் பிறகு ஒரு தண்டனைச் சிறைவாசி அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி, பெண் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். பெண்கள் சிறையில் பெண்களே காவல் நிற்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு, புதிதாகச் சேர்பவர்களிடம் நான் சொல்வது இந்த வழக்கைத்தான்.

ஏழாம் படி: பணியில் முதல் வாரங்கள்

பிரதான வாயிலின் வெளிக்கதவும் உட்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. எவ்வளவு அவசரமாக யார் வந்தாலும் இந்த வழக்கம் மாறாது. அதை மாற்றச் சொல்லி உங்களை அவசரப்படுத்துபவரை உயர் அலுவலராகவே இருந்தாலும் பணிவோடு காத்திருக்கச் சொல்லப் பழக வேண்டும்.

புதிதாக வரும் பெண்ணைச் சோதனையிடுவது மறைவான இடத்தில், மற்றவர் பார்வை படாமல் நடக்க வேண்டும். நகையையும் பணத்தையும் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கருவுற்றிருக்கிறாரா, மருந்து எடுப்பவரா, வீட்டில் கைக்குழந்தையை விட்டு வந்திருக்கிறாரா என்பதையெல்லாம் அந்த முதல் மணி நேரத்தில் கேட்டு மருத்துவரிடமும் அலுவலரிடமும் சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. முதல் இரவுதான் ஆபத்தான இரவு. அழுபவரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் கூடுதலாகக் கவனியுங்கள். பாரா மாறும்போது அடுத்து வருபவரிடம் வாய்மொழியாகவும் பதிவேட்டிலும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

சிறைவாசிகளில் பெரும்பாலோர் உங்களை ‘அம்மா’ என்று அழைப்பார்கள், உங்களைவிட இருபது வயது மூத்தவர்கள் உட்பட. ‘அம்மா, வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க’ என்ற வேண்டுகோள் முதல் வாரத்திலேயே வரும். கேட்பவரின் துயரம் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் மறுப்பது கடினம். சிறையின் தொலைபேசி வசதிக்கோ, உறவினர் வந்து சந்திக்கும் மனு பார்க்கும் நாளுக்கோ அவரை வழிப்படுத்துங்கள், சட்ட உதவி வழக்கறிஞர் வரும் நாளைச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியிலிருந்து ஒரு முறை அழைத்துவிட்டால், அடுத்த முறை அது வேண்டுகோளாக வராது.

ஆறு வயது வரையிலான குழந்தைகள் தாயோடு தங்கலாம் என்பதும், சிறைவாசியின் பேறுகாலத்தை இயன்றவரை வெளி மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்பதும், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகச் சிறையைக் குறிக்கக் கூடாது என்பதும் 2006இல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் கூறியவை. அந்தக் குழந்தை சிறைவாசி அன்று. அதற்குப் பால் எப்போது வரும், தடுப்பூசி எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தாய்க்கு நினைவிருந்தாலும், அவரால் வெளியே சென்று கேட்க முடியாது; கேட்டுச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக, எண்ணிக்கை. காலையில் திறக்கும்போதும், மாலையில் பூட்டும்போதும், பாரா மாறும்போதும் தலைகளை எண்ண வேண்டும். முன்பணியில் இருந்த மூத்த அக்கா ‘அறுபத்து மூணு, சரியா இருக்கு, கையெழுத்துப் போடும்மா’ என்று சொன்னால், அவர் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும், 63 முகங்களை நீங்களே பாருங்கள். நீதிமன்றத்துக்குச் சென்றவர், மருத்துவமனைக்கு வழிக்காவலோடு சென்றவர், போர்வைக்குள் முகத்தை மூடிப் படுத்திருப்பவர் என ஒவ்வொருவரையும் பெயரோடு சரிபாருங்கள். குழந்தைகளைத் தனியாக எண்ணுங்கள். சாவிக்கொத்தில் எத்தனை சாவிகள் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு பேனாவை எடுங்கள்.