இத்தாலில சர்ச்சுக்கும் நடை சாத்துவாங்க, பாத்து பிளான் பண்ணுங்க

காலைல மியூசியம், மத்தியானம் சர்ச்சுன்னு லிஸ்ட் போட்டுட்டுதான் நானும் சென்னைல இருந்து கிளம்பினேன். ரோம்ல வேகாத வெயில்ல மேடேறி சான் பியெத்ரோ இன் வின்கோலி சர்ச்சுக்கு போனா கதவு சாத்தியிருக்கு. அம்மா அசரவே இல்ல, "நம்ம கபாலி கோயில்லயே மத்தியானம் நடை சாத்துறாங்க, இங்க மட்டும் உனக்காக திறந்து வெச்சிருப்பாங்களாக்கும்"னாங்க.

அதான் ரூல். சின்ன சர்ச் எல்லாம் காலைல, இல்லன்னா நாலு மணிக்கு மேல. நடுப்பகல மியூசியத்துக்கு ஒதுக்குங்க. நாங்க தெருக்குழாய்ல தண்ணி புடிச்சு குடிச்சுட்டு (ரோம் முழுக்க இருக்கு, ஃப்ரீ, ஜில்லுன்னு வரும், பாட்டில் வாங்காதீங்க) கதவு திறக்கற வரைக்கும் உக்காந்திருந்து மைக்கேலாஞ்சலோ செதுக்குன மோசஸ பாத்தோம், தலைல ரெண்டு கொம்போட. டிக்கெட்டே கிடையாது.

ஒரு யூரோ காசு சில்லறையா கைல வெச்சுக்கோங்க. நிறைய சர்ச்ல ஓவியம் இருட்டுக்குள்ள இருக்கும், பெட்டில காசு போட்டா கொஞ்ச நேரம் லைட் எரியும், மூலவருக்கு கற்பூரம் காட்டுறப்ப முகம் தெரியுமே அந்த மாதிரிதான், அதுக்குள்ள பாத்துக்கணும். தோளும் முட்டியும் மூடியிருக்கணும், ஒரு துப்பட்டா பைல இருந்தா போதும்.

கொலோசியம் டிக்கெட்ல உங்க பேர் இருக்கும், பாஸ்போர்ட் எடுத்துட்டு போங்க. அதே டிக்கெட்ல பக்கத்துல பழைய ரோம் நகர இடிபாடு இருக்கற ஃபோரமும் பாலடைன் குன்றும் பாக்கலாம். வாடிகன் மியூசியம் ஞாயித்துக்கிழமை லீவு, மாசக் கடைசி ஞாயிறு மட்டும் ஃப்ரீன்னு சொல்லுவாங்க, ஆனா அன்னிக்கு கியூ வைகுண்ட ஏகாதசிக்கு திருவல்லிக்கேணில நிக்கற மாதிரி, காசு குடுத்து வேற நாள் போறதே மேல். ஃபிளாரன்ஸ்ல உஃபிஸி ஓவிய மியூசியத்துக்கு திங்கள் லீவு.

கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன பழைய ஊரு பாம்பேய், அங்க நிழலே இல்ல, தொப்பி, நல்ல ஷூ, காலைலயே போயிடுங்க. முடிச்சுட்டு நேப்பிள்ஸ் தொல்பொருள் மியூசியத்தயும் பாருங்க, செவ்வாய் மட்டும் லீவு. பாம்பேய்ல இருந்து 1938ல எடுத்த ஒரு குட்டி தந்தச் சிலை அங்க இருக்கு, நம்ம நாட்டுல செஞ்சது, லட்சுமின்னு பேர் வெச்சிருக்காங்க, யட்சின்னும் சிலர் சொல்றாங்க. எனக்கு கால் கெஞ்சுது, கிளம்பலாமான்னு கேட்டா அம்மா கண்ணாடிகிட்ட குனிஞ்சு அது கால்ல எத்தன தண்டைன்னு எண்ணிட்டு இருந்தாங்க.