எல்லா சரணத்துக்கும் ஒரே மெட்டு: சலிக்காமல் பாட

பாட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மெட்டை மறந்துவிட்டு வரிகளைக் கதைபோல் வாசியுங்கள்" என்பதுதான். மெட்டு மாறாத பாட்டில் நகர்வது சொல் மட்டுமே.

அடுத்து பென்சிலை எடுங்கள். முதல் சரணத்துக்கு அளவெடுத்துப் போட்ட மெட்டு, இரண்டாவதில் இடறும். நீண்ட சுரத்தில் குறில் வந்து உட்காரும். மூச்சு விடும் இடத்தில் வாக்கியம் பாதியில் நிற்கும். ஒவ்வொரு சரணத்துக்கும் மூச்சுக்குறியைத் தனியாகப் போடுங்கள். குறிலை இழுக்காதீர்கள், அடுத்த மெய்யெழுத்தில் சாயுங்கள். தேவைப்பட்டால் ஒரு சுரத்தை இரண்டாக உடைக்கலாம், குற்றமில்லை.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1823-இல் அமைத்த 'தாஸ் வாண்டர்ன்' (ஊர் சுற்றுதல்) என்ற ஜெர்மன் பாட்டு நல்ல பயிற்சி. ஐந்து சரணம், ஒரே இசை. தண்ணீர், சக்கரம், அரவைக்கல் என்று பொருள் மாறிக்கொண்டே போகும். தண்ணீருக்குச் சொற்களை வழுக்க விடுங்கள். கல்லுக்கு மெய்யெழுத்துகளை அழுத்துங்கள், பியானோவின் இடக்கையும் கூடவே கனக்கட்டும். கடைசிச் சரணத்தில், பாட்டைப் பாடும் மாவாலை இளைஞன் முதலாளியிடம் விடைகேட்கிறான். அங்கே குரலைக் குறைத்தாலே போதும். வேகத்தைத் தொட வேண்டாம், மெட்டு தளர்ந்துவிடும்.

பக்கவாத்தியத்தை ஏதாவது ஒரு சரணத்தில் மெலிதாக்கலாம். கடைசியில் சுருதியை அரைப்படி ஏற்றும் வழக்கம் எனக்குப் பிடிக்காது; சொல்லால் முடியாததைச் சுருதி வந்து செய்யாது. சரணம் அதிகமானால், கதை அறுபடாதவரை, ஒன்றை விட்டுவிடுங்கள்.