எம்ஐடிக்கு விண்ணப்பிப்பது எப்படி? (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்கா)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் தங்கைக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது கிண்டியில் படிக்கிறாள். ஆனால் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து, மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள், ஏஜென்ட் யாரும் இல்லாமல் முழு விண்ணப்பத்தையும் அனுப்பி முடித்தாள். கோவையில் ஒரு கன்சல்டன்சி இதே வேலைக்கு மூன்று லட்சம் கேட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

உறவினர்கள் எல்லோரும் "அப்துல் கலாம் படிச்ச காலேஜா?" என்று கேட்டார்கள். அவர் படித்தது குரோம்பேட்டை எம்ஐடி. இது மாசசூசெட்ஸ்.

1. பணம் இல்லை என்று ஒதுங்காதீர்கள்

வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால் பல அமெரிக்கக் கல்லூரிகள் சேர்க்கையிலேயே தயங்கும். எம்ஐடி அந்த ரகம் இல்லை. பணம் கேட்டதால் இடம் போகாது. இடம் கிடைத்தால் தேவைப்படுகிற தொகை முழுவதையும் அவர்களே தருவார்கள். 2025 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே, சொத்தும் சாதாரண அளவில் என்றால், பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரு லட்சம் டாலர் என்பது எண்பது லட்சம் ரூபாய்க்கும் மேல். எங்கள் தெருவில் யாருக்கும் அவ்வளவு வருமானம் கிடையாது.

விண்ணப்பக் கட்டணம் 75 டாலர். கஷ்டம் என்றால் விலக்கு கேட்கலாம்.

2. பெயர். இதில்தான் மாட்டினோம்

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

தங்கையின் மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் 'சர்நேம்' கட்டத்தில் ஏறியிருந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது அந்தப் படிவங்களுக்குத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு எழுதுவதற்காக, அதை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் கணக்கு தொடங்கினாள். கையில் இருந்தது மதிப்பெண் பட்டியல். அதைப் பார்த்து கடைசிப் பெயர் என்ற இடத்தில் 'எம்' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டாள். தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டையும் ஹால் டிக்கெட்டையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தோம்.

எம்ஐடி விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர் கொடுத்தாள். உதவித்தொகைக்கான சிஎஸ்எஸ் படிவத்தை நிரப்பப் போனால், அதுவும் அதே காலேஜ் போர்டு கணக்குதான். பழைய 'எம்' அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது, நாங்கள் கவனிக்கவில்லை. படிவம் அனுப்பிப் பத்து நாளாகியும் விண்ணப்பப் பக்கத்தில் 'வரவில்லை' என்றே காட்டியது. இரண்டு பெயர்கள், பிறந்த தேதி, சிஎஸ்எஸ் எண், பாஸ்போர்ட் முதல் பக்கம் எல்லாம் வைத்து மெயில் போட்ட பிறகுதான் சரியானது.

ஆகவே: பாஸ்போர்ட்டை முதலில் எடுங்கள். காலேஜ் போர்டு கணக்கு, விண்ணப்பம், ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் விவரம் எல்லாவற்றிலும் அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ழகரம் வருகிற பெயர் என்றால் 'இசட் எச்' போட்டிருக்கிறதா 'எல்' போட்டிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

3. எஸ்ஏடி

கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்ததை 2022-ல் மறுபடி கட்டாயமாக்கிவிட்டார்கள் (எஸ்ஏடி, இல்லையென்றால் அதைப் போன்ற ஏசிடி). தேர்வு எழுதுகிற புளூபுக் செயலியில் உள்ள மாதிரித் தேர்வுகள், கான் அகாடமி, இரண்டும் இலவசம். கோச்சிங் வேண்டாம் என்பது என் கட்சி. டெஸ்மோஸ் கால்குலேட்டர் செயலிக்குள்ளேயே இருக்கும், அதில் கை பழகட்டும்.

4. பள்ளியிலிருந்து வாங்க வேண்டியவை

கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் என இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். கவுன்சிலர் என்று ஒருவர் நம் பள்ளியில் ஏது? அந்தப் பகுதியைத் தலைமையாசிரியரே நிரப்பலாம். மெயிலில் போகும் லிங்க் ஸ்பாமில் விழும். பக்கத்தில் உட்கார்ந்து திறந்து காட்டுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டை யாரும் வீட்டில் வைத்திருப்பதில்லை. பள்ளிப் பதிவேட்டிலிருந்து எழுதி வாங்கி, முத்திரை போட்டு, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்யுங்கள். செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓரத்தில் கட்டைவிரல் தெரியும்.

5. கட்டுரைகள்

எம்ஐடி, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத் தளம் வழியாக வாங்குவதில்லை, தனித் தளம். ஒரு நீளக் கட்டுரைக்குப் பதில் சில குறுங்கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 100 முதல் 200 சொல். கூகுள் டாக்ஸில் எழுதிப் பிறகு ஒட்டுங்கள். செயல்பாடுகளுக்கு நான்கே இடம், பத்துச் சான்றிதழை அடுக்க முடியாது. எந்தத் துறை என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை, முதலாண்டு முடியும்போது தேர்ந்தால் போதும்.

எதையாவது செய்து பார்த்தவர்கள் 'மேக்கர் போர்ட்ஃபோலியோ' என்ற தனிப் பகுதியில் சின்ன வீடியோ அனுப்பலாம். தங்கை, தறியில் எத்தனை மீட்டர் ஓடியது என்று எண்ண ஒரு காந்த சென்சாரும் ஆர்டுயினோவும் வைத்துச் செய்திருந்தாள். முதல் வீடியோவில் தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கரண்ட் போன நேரம் பார்த்துப் பேச்சைத் தனியாகப் பதிந்து சேர்த்தோம்.

6. சிஎஸ்எஸ்

25 டாலர். தொகைகளை ரூபாயிலேயே போடலாம். எம்ஐடியின் குறியீடு 3514. ஜாப் ஒர்க் தறிக்காரருக்குச் சம்பளக்காரர்கள் வாங்குகிற ஃபார்ம் 16 ஏது. வருமான வரிக் கணக்கைத்தான் கொடுத்தோம். கூட்டுப் பட்டா நிலத்தில் அப்பாவின் பங்கை மட்டும் எழுதினோம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், எழுத வேண்டும்.

7. கெடு, முடிவு

முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றுக்குக் கெடு நவம்பர் 1. வழக்கமான சுற்று ஜனவரி முதல் வாரம். பழைய மாணவர் ஒருவர் நேர்காணலுக்கு அழைக்கலாம்; அழைக்காவிட்டால் குறையில்லை. பிப்ரவரியில் அரையாண்டு மதிப்பெண் கேட்டு ஒரு படிவம் வரும், மறந்துவிடாதீர்கள்.

வழக்கமான சுற்றின் முடிவு மார்ச் 14, பை (π) தினத்தன்று, அங்கே மாலை 6:28-க்கு. பையின் இருமடங்கு 6.28, அதுதான் குறும்பு. நமக்கு மறுநாள் விடிகாலை 3:58. அந்த வாரம் பிளஸ் டூ பொதுத்தேர்வு இருக்கும். அலாரம் வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம். எங்கள் வீட்டில் அப்பா வைத்தார், தங்கை எழுந்திருக்கவில்லை.

பின்சேர்க்கை: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருந்தால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அமெரிக்க விசா படிவத்தில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்என்யு' என்று விழும், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அங்கே போன பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். நேரம் இருந்தால் சர்நேம் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி எடுங்கள், அதுவும் எஸ்ஏடிக்குப் பதியும் முன்னால்.